கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் புது வண்டி: தேவையை எழுதுவதிலிருந்து பணியில் இறக்குவது வரை

அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். என்.எஃப்.பி.ஏ. எனப்படும் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், மொத்தம் 10,41,200 பேரில் 6,76,900 பேர் தன்னார்வலர்கள். 1736-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. சோளம் விதைத்துக்கொண்டிருப்பவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர் என்று யாராக இருந்தாலும் பேஜர் ஒலித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். தமிழ்நாட்டில் 101-ஐ அழைத்தால் அரசு வண்டியில் அரசு ஊழியர்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் பல கிராமங்களில் வண்டிக்குப் பணம் தேடுவதும் அதைத் தேர்ந்தெடுப்பதும் அந்தத் தன்னார்வலர்களின் வேலைதான். சிறிய அமெரிக்க ஊர்களில் குடியேறி, படையிலோ ஊர்க் குழுவிலோ சேர்ந்திருக்கும் தமிழர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான வண்டிக் குழுக்கள் முதல் கூட்டத்திலேயே கம்பெனி படப்புத்தகத்தை விரித்துவிடுகின்றன. எந்த நிறம், எந்த கேபின், எத்தனை விளக்கு என்று பேச்சு ஓடுகிறது. கிராமத்தில் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் தண்ணீர். தீக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அது எங்கே இருக்கிறது, எப்படி வந்து சேரும் என்ற கணக்கு தெளிவானால் எந்த வண்டி வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் படி: பழைய வண்டியின் நிலையைத் தாளில் கொண்டுவாருங்கள்

“வண்டி பழசாகிவிட்டது” என்று சொன்னால் யாரும் பணம் தரமாட்டார்கள். என்ன பழுது, எப்போது, எவ்வளவு செலவு, அந்த நாட்களில் யார் வண்டியைக் கடன் வாங்கி ஓட்டினோம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

முக்கியமான ஆதாரம் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பம்ப் சோதனை. சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் பம்ப் தன் முழு அளவையும், 200 பவுண்டில் 70 சதவீதத்தையும், 250 பவுண்டில் பாதியையும் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 1,000 கேலன் என்று தகடு அடித்த பம்ப் 150 பவுண்டில் 800-ல் நின்றுவிட்டால், அந்தச் சோதனைத் தாள் பத்துப் பேச்சுக்குச் சமம். (அமெரிக்க கேலன் ஒன்று 3.785 லிட்டர்.)

அடுத்தது வயது. 15 ஆண்டைத் தாண்டிய வண்டியை முன்வரிசையிலிருந்து எடுத்து உபரியாக வைப்பதைப் பற்றியும், 25 ஆண்டைத் தாண்டியதை ஓய்வுபெறச் செய்வதைப் பற்றியும் என்.எஃப்.பி.ஏ.-வின் வழிகாட்டல் பேசுகிறது. இது சட்டம் இல்லை. ஆனால் மானியம் தருபவர்களுக்கு இந்த எண்கள் நன்றாகத் தெரியும். இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. மூடிய கேபினையும் ஒவ்வொருவருக்கும் சீட் பெல்ட்டோடு கூடிய இருக்கையையும் கட்டாயமாக்கியது 1991-ஆம் ஆண்டின் தரவிதி. உங்கள் வண்டி அதற்கும் முந்தையது, வீரர்கள் திறந்த இருக்கையில் பயணம் செய்கிறார்கள் என்றால் அதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். உயிர்ப்பாதுகாப்புதான் வலுவான வாதம்.

இரண்டாம் படி: தண்ணீர்க் கணக்கு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஊர் வரைபடத்தை மேசையில் விரித்து ஹைட்ரண்ட்கள் (தீயணைப்புக்கென்று சாலையோரம் இருக்கும் தண்ணீர்க் குழாய்கள்), குளங்கள், ஓடைகள், பண்ணைத் தொட்டிகள் எல்லாவற்றையும் குறியுங்கள். கோடையில் வற்றும் குளத்துக்கும் பனிக்காலத்தில் உறையும் குளத்துக்கும் தனி நிறம் கொடுங்கள். கரையிலிருந்து தண்ணீர்மட்டம் எவ்வளவு கீழே என்று அளந்து எழுதுங்கள். கடல்மட்டத்தில்கூட எந்தப் பம்பும் 33.9 அடிக்கு மேல் உறிஞ்ச முடியாது. அது காற்றழுத்தத்தின் எல்லை. நடைமுறையில் 20, 25 அடியிலேயே திணற ஆரம்பித்துவிடும். உயரமான பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்து “தண்ணீர்தான் கொட்டிக்கிடக்கிறதே” என்று சொல்வதில் பயன் இல்லை.

அப்புறம், ஒரு டேங்கர் உண்மையில் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தரும் என்று போட்டுப் பாருங்கள். இதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. ஒருவழிப் பயண நேரம், நிமிடத்தில்: 0.65 + (1.7 × மைல்). சராசரி 35 மைல் வேகத்தை வைத்து உருவாக்கப்பட்டது இது. மூன்று மைல் தள்ளி இருக்கும் குளத்துக்கு ஒருவழிக்கு 5.75 நிமிடம், போக வர 11.5 நிமிடம். டேங்கரில் 2,000 கேலன். நிரப்ப 2 நிமிடம், கொட்ட 2 நிமிடம். மொத்தம் ஒரு சுற்றுக்கு 15.5 நிமிடம். சிந்துவதற்கும் தொட்டியில் தங்குவதற்கும் 10 சதவீதம் கழித்தால் 1,800 கேலன். 1,800-ஐ 15.5-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 116 கேலன்.

வீட்டுத் தீக்கு வழக்கமாக இழுக்கும் ஒன்றே முக்கால் அங்குல ஹோஸ் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 கேலன் வேண்டும். அதாவது ஒரே ஒரு ஹோஸைக்கூட அந்த டேங்கரால் தொடர்ந்து ஊட்ட முடியாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் 1,500 கேலன் பம்ப் வாங்கி நிறுத்தினால் உறிஞ்ச எதுவும் இல்லாமல் அது சும்மா நிற்கும்.

அதே தூரத்துக்கு 3,000 கேலன் டேங்கரைப் போட்டுப் பாருங்கள். நிரப்ப 3, கொட்ட 3 என்று சுற்று 17.5 நிமிடம் ஆகிறது. கிடைப்பது நிமிடத்துக்கு 154 கேலன். 2,000 கேலன் டேங்கர் இரண்டு ஓடினால் 232. பெரிய வண்டி ஒன்றைவிடச் சிறிய வண்டிகள் இரண்டு அதிகம் தருகின்றன என்பது இதில் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் டிரைவர் வேண்டும். பகல் பதினொரு மணிக்குத் தீப்பிடித்தால் உங்கள் ஊரில் யார் இருப்பார்கள்? வேலைக்குப் பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டவர்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

இதே கணக்கு வண்டி வாங்காமலே தீரும் சில வழிகளையும் காட்டிக்கொடுக்கும். குளத்தின் கரையில் உலர் ஹைட்ரண்ட் பதிக்கலாம்: தண்ணீருக்குள் இருந்து சாலையோரம் வரை புதைத்த குழாய், மேலே பம்ப் மாட்டும் வாய். பெரிதாகச் செலவு இல்லை. மூன்று மைல் ஒரு மைலாகக் குறைந்தால் அதே 2,000 கேலன் டேங்கர் நிமிடத்துக்கு சுமார் 207 கேலன் தரும். சூத்திரத்தில் போட்டுச் சரிபாருங்கள். பக்கத்து ஊர்ப் படையோடு, முதல் அழைப்பிலேயே இரண்டு ஊர் டேங்கர்களும் கிளம்ப வேண்டும் என்று எழுத்தில் உடன்பாடு போடுவதும் அப்படித்தான். மடக்குத் தொட்டி இல்லாத படை முதலில் அதை வாங்கட்டும். தீ நடக்கும் இடத்தில் அதை விரித்து, டேங்கர் அதில் கொட்டிவிட்டு உடனே திரும்பினால்தான் மேலே சொன்ன இரண்டு நிமிடக் கணக்கு பலிக்கும்.

மூன்றாம் படி: எந்த வண்டி, எவ்வளவு எடை

கிராமப் படைகள் வாங்குவது பெரும்பாலும் நான்கு வகை. பம்பர்: தரவிதிப்படி குறைந்தது நிமிடத்துக்கு 750 கேலன் பம்ப், 300 கேலன் தொட்டி. டேங்கர்: குறைந்தது 1,000 கேலன். இரண்டையும் சேர்த்த பம்பர்-டேங்கர். நான்காவது, புல் தீக்கும் காட்டுத் தீக்கும் பிக்கப் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) கட்டிய பிரஷ் டிரக். இதில் டைப் 6 என்ற வகைக்கு 150 கேலன் தொட்டியும் நிமிடத்துக்கு 50 கேலன் பம்பும் இருந்தாலே போதும். உங்கள் பதிவேட்டில் பாதிக்கு மேல் புல் தீயாக இருந்தால், இதை முதலில் வாங்குவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

ஆள் குறைவான ஊருக்குப் பம்பர்-டேங்கர் கவர்ச்சியாகத் தெரியும். ஒரு டிரைவர் போதுமே. ஆனால் தீ நடக்கும் இடத்தில் பம்ப் ஓட்டிக்கொண்டு நிற்கும் வண்டி தண்ணீர் எடுக்கப் போக முடியாது. அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் இரண்டு வேலையில் ஒன்று நின்றுபோகும்.

எடையைக் கவனியுங்கள். 2,000 கேலன் தண்ணீர் மட்டுமே சுமார் 7.5 டன். அந்த அளவுக்கு மேல் போனால் பின்னால் இரட்டை ஆக்சில் வேண்டியிருக்கும். அது வந்தால் வண்டி நீளும், திரும்பும் வட்டம் பெருகும். உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு பாலத்தின் எடை வரம்பையும், பண்ணை வீடுகளுக்குப் போகும் சரளைப் பாதைகளின் திருப்பங்களையும் போய்ப் பாருங்கள். ஸ்டேஷன் கதவின் உயர அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சிறிய வண்டிக் காலத்தில் கட்டிய கதவில் இன்றைய வண்டி நுழையாமல், கட்டடத்தை இடித்துக் கட்டும் செலவும் சேர்ந்துவிட்ட கதைகள் உண்டு.

பழைய பெட்ரோல் லாரியை வாங்கி டேங்கராக மாற்றும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தண்ணீரைவிட பெட்ரோல் எடை குறைவு. லிட்டருக்கு முக்கால் கிலோதான். பெட்ரோலுக்காகக் கட்டிய தொட்டியைத் தண்ணீரால் நிரப்பினால் சேசிஸ், பிரேக், டயர் எல்லாம் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் சரியாக இல்லையென்றால் திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் மோதி வண்டியையே கவிழ்க்கும். தீக்குப் போகும் வழியிலேயே இப்படி டேங்கர் கவிழ்ந்து இறந்த தன்னார்வலர்கள் பலர். பணம் மிச்சம் என்று யாரும் இந்த இடத்தில் சமரசம் செய்யக் கூடாது.

சேசிஸில் இரண்டு வழி. ஃபிரெய்ட்லைனர், இன்டர்நேஷனல், கென்வொர்த் போன்ற வணிக லாரி சேசிஸ் மேல் கட்டுவது ஒன்று. தீயணைப்புக்கென்றே வடிவமைத்த தனிச் சேசிஸ் இன்னொன்று. தனிச் சேசிஸில் ஆறு பேர் வசதியாக உட்காரலாம். கிராமத்துக்கு முதல் வகையே பெரும்பாலும் பொருந்தும்: விலை குறைவு, பக்கத்து ஊர் லாரி மெக்கானிக்கே பழுதுபார்ப்பார், உதிரிபாகமும் கிடைக்கும்.

நான்காம் படி: பணம்

விலையைப் பற்றி மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். கோவிட்டுக்கு முன் ஐந்து லட்சம் டாலர் அளவில் பேசப்பட்ட பம்பர் இன்று பத்து லட்சத்தை நெருங்குகிறது. ஆர்டர் கொடுத்தால் இரண்டு, மூன்று ஆண்டு, சில வேளை அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று இந்த விலையையும் தாமதத்தையும் பற்றி விசாரணை நடத்தி, உற்பத்தியாளர்களை அழைத்துக் கேள்வி கேட்டது. தனித்தனியாக இருந்த பல கம்பெனிகள் சில பெரிய குழுமங்களின் கைக்குப் போனதும் அங்கே பேசப்பட்டது.

பான்கேக் காலைச் சாப்பாடு, சில்லி விருந்து, பிங்கோ, பூட்ஸை நீட்டி நன்கொடை கேட்பது என்று ஊர் வழக்கங்கள் எல்லாம் தொடரட்டும். அவை ஊரையும் படையையும் இணைத்து வைக்கின்றன. ஆனால் அந்தப் பணம் டீசலுக்கும் ஹோஸுக்கும்தான் வரும். வண்டிக்குப் பெரிய கதவுகளைத் தட்ட வேண்டும்.

முதலாவது, பேரிடர் உதவிக்கான மத்திய அரசு அமைப்பான ஃபெமா தீயணைப்புப் படைகளுக்குத் தரும் ஏ.எஃப்.ஜி. மானியம். 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்களுக்குச் சேவை செய்யும் படை தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். இதற்கு விண்ணப்பிக்க அரசின் சாம் இணையதளத்தில் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அது முடிய வாரக்கணக்கில் ஆகலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்ப வாசல் திறந்த பிறகு இதை ஆரம்பித்தால் நேரம் போய்விடும். உங்கள் விண்ணப்பத்தைப் படித்து மதிப்பெண் போடுபவர்கள் மற்ற ஊர்களின் தீயணைப்பு வீரர்கள். அவர்களிடம் வீரவசனம் எடுபடாது. இரண்டாம் படியில் போட்ட தண்ணீர்க் கணக்கு, பம்ப் சோதனைத் தாள், ஆண்டு வருமானம், வேறு எங்கெல்லாம் கேட்டுக் கிடைக்கவில்லை என்ற விவரம், இவற்றை நேராக எழுதுங்கள். மானியம் கையெழுத்தாகும் முன் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். முன்பே வாங்கியதற்குப் பணம் வராது. போட்டி கடுமை. முதல் முறை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு திருத்தி மீண்டும் போடுவது வழக்கமான விஷயம்தான்.

இரண்டாவது, விவசாயத் துறையான யு.எஸ்.டி.ஏ.-வின் சமூக வசதிகள் திட்டம். 20,000 பேருக்கு மேற்படாத ஊரகப் பகுதிகளுக்குக் கடனும் மானியமும் தருகிறது. மிகச் சிறிய, வருமானம் மிகக் குறைந்த ஊர்களுக்குச் செலவில் 75 சதவீதம் வரை மானியமாக வர வாய்ப்பு உண்டு. ஊர் பெரிதாக ஆக விகிதம் குறையும்.

மாநிலங்களும் உதவுகின்றன. டெக்சஸில் 2001-ல் வந்த சட்டத்தின்படி, டெக்சஸ் ஏ அண்ட் எம் வனச் சேவை கிராமத் தன்னார்வப் படைகளுக்கு வண்டிக்கும் கருவிக்கும் பணம் தருகிறது. பென்சில்வேனியாவில் தீயணைப்புப் படைகளுக்குக் குறைந்த வட்டிக் கடன் திட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலத் தீயணைப்பு ஆணையர் அலுவலகத்தையும் வனத்துறையையும் ஒரே வாரத்தில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். ராணுவம் கழித்த லாரிகளை மாநில வனத்துறை வழியாகப் பெறும் திட்டங்களும் உண்டு. பிரஷ் டிரக்குக்கு அவை நல்ல அடித்தளம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வருமான வரிச் சட்டத்தின் 150(e) பிரிவு. தகுதியுள்ள தன்னார்வப் படை, உள்ளாட்சியோடு எழுத்து ஒப்பந்தம் வைத்திருந்தால், வண்டிக்கோ ஸ்டேஷனுக்கோ வாங்கும் கடனின் வட்டிக்கு வரிவிலக்கு கிடைக்கும்படி செய்யலாம். அதனால் வங்கி குறைந்த வட்டிக்குத் தர முடியும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. கடன் எடுக்கும் முன் இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஊரிடம் பேசுங்கள்

தீயணைப்புக்கென்று தனி வரி வசூலிக்கும் வட்டம் அமைத்தோ, இருக்கும் வரியைக் கொஞ்சம் கூட்டியோதான் நிலையான பணம் வரும். அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். 2010-ல் டென்னசியின் ஓபியன் கவுன்டியில், 75 டாலர் ஆண்டுச் சந்தா கட்டாத வீடு எரிந்தபோது சவுத் ஃபுல்டன் தீயணைப்பு வண்டி வந்து நின்றும் அணைக்கவில்லை. நாடே கொதித்தது. விரும்பியவர் மட்டும் கட்டும் சந்தாவில் படை நடத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

வீட்டுக்காரர்களுக்கு நேரடியாகப் புரிவது காப்பீடு. காப்பீட்டுத் துறைக்குத் தகவல் தரும் ஐ.எஸ்.ஓ. நிறுவனம் (தரச்சான்று ஐ.எஸ்.ஓ. வேறு) ஊர்களின் தீப்பாதுகாப்பை 1 முதல் 10 வரை வகைப்படுத்துகிறது. 1 சிறந்தது, 10 என்றால் பாதுகாப்பே இல்லை. மதிப்பெண்ணில் 50 தீயணைப்புப் படைக்கு, 40 தண்ணீருக்கு, 10 அவசரத் தகவல் தொடர்புக்கு. ஹைட்ரண்ட் இல்லாத இடத்தில் டேங்கர்கள் ஓடி நிமிடத்துக்கு 250 கேலனை இரண்டு மணி நேரம் தொடர்ந்து தர முடியும் என்று நிரூபித்தால் இதைவிடச் சிறந்த வகை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பல காப்பீட்டுக் கம்பெனிகள் பிரீமியத்தை நிர்ணயிக்க இதைப் பார்க்கின்றன. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் பார்ப்பதில்லை. எனவே கூட்டத்தில் “எல்லோருக்கும் இவ்வளவு குறையும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் முகவர்களிடம் முன்பே விசாரித்து, அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். கூட்டத்தன்று பழைய வண்டியை வாசலில் நிறுத்தி, துருப்பிடித்த தொட்டியை மக்கள் தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள்.

ஆறாம் படி: விவரக்குறிப்பு, டெண்டர், ஒப்பந்தம்

விவரக்குறிப்பை நீங்களே எழுதுங்கள். விற்பனையாளர் “நானே எழுதித் தருகிறேன்” என்பார். அது அவருடைய வண்டிக்கு மட்டும் பொருந்தும்படி அமையும். என்.எஃப்.பி.ஏ. 1900 தரவிதி (2024 முதல் பழைய 1901 இதற்குள் அடக்கம்) பொருந்த வேண்டும் என்பது முதல் வரி. அடுத்து உங்கள் எண்கள்: தொட்டி, பம்ப், மொத்த எடை வரம்பு, உயரம், நீளம். டேங்கராக இருந்தால் பின்புறமும் இரு பக்கமும் கொட்டும் வசதி கேளுங்கள். குறுகிய சாலையில் வண்டியைத் திருப்பி நிறுத்தும் நேரம் மிச்சமாகும்.

தனியாக டெண்டர் விடுவதற்குப் பதில் எச்.ஜி.ஏ.சி.-பை, சோர்ஸ்வெல் போன்ற கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்கள் வழியாகவும் வாங்கலாம். சட்டப்படி போட்டி விலை கேட்ட வேலையை அவர்கள் முன்பே முடித்திருப்பார்கள். மானியத்தில் வாங்குவதானால் அது அனுமதிக்கப்படுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை: ஆர்டருக்குப் பின் விலை ஏறுமா, ஏறினால் எந்த உச்சவரம்பு வரை, தாமதமானால் நாளொன்றுக்கு என்ன கழிவு, முன்பணம் கொடுத்தால் அதற்கு ஈடாகச் செயல்திறன் பத்திரம் (கம்பெனி வண்டியைத் தராவிட்டால் ஈடுகட்டும் உத்தரவாதம்). முன்பணத்துக்குத் தள்ளுபடி தருவார்கள், நல்ல தொகையாகவே இருக்கும். ஆனால் பத்திரம் இல்லாமல் ஊர்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டு காத்திருக்கக் கூடாது.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத நிலை என்றால், பெரிய நகரங்கள் கழிக்கும் 10, 12 வயது வண்டிகளைப் பாருங்கள். தேவையை நேர்மையாகக் கணக்கிட்ட படைக்கு இது குறைச்சலே இல்லை. வாங்கும் முன் வெளியாள் ஒருவரை வைத்துப் பம்ப் சோதனையும் சேசிஸ் அடிப்பகுதிச் சோதனையும் செய்யுங்கள். சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களிலிருந்து வரும் வண்டியில் துருவை இரண்டு முறை பாருங்கள்.

ஏழாம் படி: வண்டி வந்த பிறகு

தொழிற்சாலையில் இறுதிப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று பேர் போங்கள்; ஒருவராவது தினமும் வண்டி ஓட்டுபவராக இருக்கட்டும். விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரியையும் வண்டியோடு ஒப்பிட்டுக் குறிபோட்டு, குறைகள் தீரும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

ஊருக்கு வந்ததும் தொட்டியை நிரப்பி எடைமேடையில் ஏற்றுங்கள். ஆட்களும் கருவிகளும் ஏறிய பிறகு வரும் எடைதான் உண்மையான எடை. பல மாநிலங்களில் தீயணைப்பு வீரர்களுக்கு வணிக ஓட்டுநர் உரிமம் கட்டாயமில்லை. அதனாலேயே படை தானாகக் கண்டிப்பான பயிற்சி வைக்க வேண்டும். டேங்கர் விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான்: வலது சக்கரம் தார்ச்சாலையின் ஓரத்தை விட்டு இறங்குகிறது, டிரைவர் பதறி இடப்பக்கம் வெடுக்கென்று திருப்புகிறார், வண்டி உருளுகிறது. சக்கரம் இறங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்து, நிதானமாக மேலே ஏற்ற வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியோடு சாலையில் போகக் கூடாது; ஒன்று முழுதாக, இல்லையேல் காலியாக. சீட் பெல்ட் போடாதவர் இருக்கும்போது வண்டி நகராது என்று விதி வையுங்கள், தலைவருக்கும் அதே விதி.

பயிற்சி முடித்தவர்கள் பெயர்ப் பட்டியல் தயாராகும் வரை பழைய வண்டியை விற்க வேண்டாம். பட்டியல் தயாரானதும், மானியக் கடிதத்தில் பழைய வண்டியைப் பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு ஏலம் விடுங்கள். பாதுகாப்பில்லை என்று நீங்களே எழுதிக் கழித்த வண்டியை, இரக்கப்பட்டு இன்னொரு ஏழைப் படைக்குத் தீக்கு ஓட்டக் கொடுக்காதீர்கள். விற்ற பணத்தை அடுத்த வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். ஐந்து லட்சம் டாலர் வண்டியை 20 ஆண்டில் மாற்ற வேண்டும் என்றால், விலை ஏற்றத்தைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 25,000 டாலர் அந்தக் கணக்கில் விழ வேண்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலேயே அதற்கென்று ஒரு தனித் தலைப்பு சேர்த்துவிடுங்கள்.